புதுக் காரும் ஒரு முதல்தான்: பெயின்ட், சக்கரம், தோல் இருக்கை கெடாமல் காப்பது எப்படி?

மளிகைக் கடைக்காரர் கார் வாங்கினால் ஆடம்பரம் என்று ஊரார் பேசிய காலம் மலையேறிவிட்டது. மண்டிக்குப் போக, வெளியூர் வசூலுக்குப் போக, ஒரே நாளில் மூன்று கல்யாணத்துக்கும் ஒரு துக்கத்துக்கும் தலைகாட்ட, இன்று வியாபாரிக்கு ஒரு கார் தேவைப்படுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. 4 மீட்டர் நீளத்துக்கு மிகாமல், பெட்ரோலில் 1200 சி.சி.க்கும் டீசலில் 1500 சி.சி.க்கும் உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். அதற்கு முன் 28 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் இருந்தன. இந்தக் குறைப்புக்குப் பிறகு, அதுவரை இரண்டு சக்கர வண்டியோடு திருப்திப்பட்ட நம் உறுப்பினர்கள் பலரும் காரைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வாங்கிய பொருளைக் காக்கத் தெரியாவிட்டால் வாங்கியதன் பலன் பாதியாகிவிடும் என்பது வியாபாரிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சம்பளக்காரர் காரை ஓட்டுவதற்காக வாங்குகிறார். வியாபாரிக்கோ அது அவசரத்துக்கு விற்றுப் பணமாக்கக்கூடிய முதலும் ஆகிறது. சீசன் சரக்குக்குப் பணம் புரட்ட வேண்டிய நேரத்தில், மகள் கல்யாணத்தில், மருத்துவச் செலவில், வீட்டையும் கடையையும் தொடாமல் கைகொடுப்பது பல குடும்பங்களில் அந்தக் கார்தான். வருமான வரிக் கணக்கில் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம். 10 லட்சம் ரூபாய்க்கு ஏட்டில் ஏறிய வண்டி, ஐந்து முழு ஆண்டுக்குப் பின் ஏட்டில் சுமார் 4 லட்சத்து 44 ஆயிரமாக நிற்கும். அது ஏட்டுக் கணக்கு. சந்தையில் அதற்கு மேல் கிடைக்குமா, கீழே போகுமா என்பது எஞ்சின், ஓடிய தூரம், விபத்துச் சரித்திரம் இவற்றோடு வண்டியின் தோற்றத்தையும் பொறுத்தது. பழைய வண்டி வாங்க வருபவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, வெளியே பார்த்து மனதில் ஒரு விலை போட்டுவிடுகிறார். அந்த முதல் விலையிலிருந்துதான் பேரம் தொடங்கும்.

நம் கடைகளில் நஷ்டம் எப்படி வருகிறது? திருடன் ஓட்டைப் பிரித்து இறங்குவது என்றோ ஒரு நாள். தினந்தோறும் நடப்பது மூட்டை ஓட்டையில் ஒழுகுவது, எலி கொறிப்பது, ஈரத்தில் பூசணம் பிடிப்பது. காரும் அப்படித்தான். பெரிய இடி வாங்கினால் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. தினமும் நாமே அக்கறையோடு செய்யும் சின்னச் சின்னத் தவறுகளுக்கு எந்த இன்ஷூரன்ஸும் இல்லை. இந்தக் கட்டுரையில் அந்தத் தினசரிச் சிந்தலை அடைப்பது எப்படி என்று பார்ப்போம்.

பெயின்டின் கனம் எவ்வளவு?

காரின் பெயின்ட் ஒரே பூச்சு அல்ல. தகட்டின் மேல் துரு பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், கடைசியாகக் கண்ணாடி போன்ற நிறமற்ற மேல்பூச்சு. இந்த மேல்பூச்சைக் கிளியர் கோட் என்பார்கள். எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். கிளியர் கோட் மட்டும் சுமார் 40 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பாருங்கள். நாம் ரசிக்கும் பளபளப்பு முழுவதும் ஒரு தலைமுடியைவிட மெல்லிய பூச்சில் இருக்கிறது. வெயிலிலிருந்து அடியிலுள்ள நிறத்தைக் காப்பதும் அதுவே.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் “ரப்பிங் பாலிஷ் போட்டுத் தரட்டுமா?” என்று கேட்பார்கள். ரப்பிங் என்பது மேல்பூச்சைச் சிறிது தேய்த்து எடுத்துக் கீறலை மறைக்கும் வேலை. வண்டி பளிச்சென்று வரும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய பூச்சில் கொஞ்சம் குறைகிறது. சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துச் செலவு செய்வது போன்றது அது. கீறல் அதிகமாகி, வேறு வழியில்லாதபோது, தெரிந்த கையால் ஒரு முறை செய்துகொள்ளலாம். வருடாந்தரச் சடங்காக வைத்துக்கொள்ளாதீர்கள்.

டெலிவரி நாளிலேயே கவனம்

புதுக் காரின் முதல் கீறல்கள் பெரும்பாலும் டெலிவரிக்கு முன்பே விழுந்துவிடுகின்றன. கிட்டங்கியில் தூசி படிந்து நின்ற வண்டியை, நான்கு வண்டிக்குத் துடைத்த அதே துணியால் அவசரமாகத் துடைத்து, ரிப்பன் கட்டித் தருவது வழக்கம். அங்கே நிழலில் ஒன்றும் தெரியாது. மறுநாள் வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போல மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். முன்பதிவு செய்யும்போதே, “கழுவித் தண்ணீர் ஊற்றினால் போதும், உலர்ந்த துணியால் தேய்க்க வேண்டாம்” என்று சொல்லி வையுங்கள். பணம் முழுவதும் கட்டுவதற்கு முன் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்தச் சொல்லிச் சுற்றிப் பாருங்கள். குறை தெரிந்தால் புகைப்படம் எடுத்து, எழுத்தில் வாங்குங்கள். சரக்கு இறக்கும்போது எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவோமா என்ன?

இன்னொரு பழக்கம் நம்மிடம் உண்டு. இருக்கையில் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையை மாதக்கணக்கில் பிரிக்காமல் வைத்திருப்பது. புதுசு கெடாமல் இருக்கட்டும் என்ற எண்ணம்தான். ஆனால் வியர்வை ஈரமும் மழை ஈரமும் அந்த உறைக்கு அடியில் அடைபட்டுப் பூசணமும் நாற்றமும் பிடிக்கும். வெளிப்புறம் ஒட்டி வரும் பாதுகாப்புத் தாள்களும் அப்படியே. வெயிலில் காயக் காயப் பசை இறுகி, உரித்தாலும் தடம் விட்டுப் போகும். முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள்.

தினமும் துடைப்பதுதான் முதல் எதிரி

காலையில் கடை திறந்ததும் ஊழியர் ஒருவர் காய்ந்த துணியை எடுத்து வண்டியை ஒரு சுற்றுத் துடைப்பார். பார்ப்பதற்குச் சுத்தம். ஆனால் நம் ஊர்த் தூசியில் இருப்பது மணல் துகள். அது கிளியர் கோட்டைவிடக் கடினமானது. காய்ந்த துணியோடு சேர்ந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம். வருடத்தில் முந்நூறு நாள் இப்படித் துடைத்தால், இரண்டாம் வருடத்திலேயே கறுப்பு வண்டி சாம்பல் பூத்தது போலாகிவிடும்.

அந்தத் தம்பியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் அக்கறையில்தான் செய்கிறார். முறையை ஒரு நாள் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுங்கள். தூசி மட்டும் இருந்தால் கண்ணாடிகளைத் துடைத்துவிட்டு உடம்பை அப்படியே விட்டுவிடலாம். தூசியோடு ஓடும் வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை. தூசியைத் தேய்ப்பதில்தான் கெடுதல்.

வாரம் ஒரு முறையோ பத்து நாளுக்கு ஒரு முறையோ முறையாகக் கழுவினால் போதும். முறை இதுதான்:

காலையிலோ மாலையிலோ, நிழலில், பானெட் சூடு ஆறிய பின் தொடங்குங்கள். முதலில் தண்ணீரை மட்டும் தாராளமாக ஊற்றி மணலை இறக்கிவிடுங்கள். இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் கார் ஷாம்பூ கரைத்த நீர், மற்றதில் வெறும் நீர். துணியை ஷாம்பூவில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் நீரில் அலசிப் பிழிந்து, பிறகுதான் மறுபடி ஷாம்பூவில் நனைக்க வேண்டும். அப்போது மணல் முதல் வாளிக்குப் போகாது. மேலிருந்து கீழாக வாருங்கள். கூரை முதலில், கதவின் அடிப்பகுதி கடைசியில். சக்கரத்துக்குத் தனித் துணி, தனி வாளி. தரையில் விழுந்த துணியை அலசாமல் மறுபடி வண்டியில் வைக்கக் கூடாது. கடைசியில் மைக்ரோ ஃபைபர் துணியால், அழுத்தித் தேய்க்காமல், ஒற்றி எடுங்கள்.

நம் கடையில் விற்கும் துணிச் சோப்புத் தூள் காருக்கு ஆகாது. அது காரத் தன்மை உடையது. பூசிய மெழுகை எடுத்துவிடும். சில இடங்களில் மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைத்துப் பளபளப்பாக்கித் தருவார்கள். அது அன்று ஒரு நாள் மினுமினுப்பு. மெழுகும் போய், கதவோரத்து ரப்பரும் ஊதிக் கெடும்.

உப்புத் தண்ணீர், எச்சம், மரநிழல்

தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் நீர் ஆவியாகி, சுண்ணாம்பு வட்டவட்டமாகக் கறையாய் நிற்கும். கொஞ்ச நாள் விட்டால் அந்தக் கறை மேல்பூச்சையே அரித்துவிடும். ஆகவே உப்புத் தண்ணீரில் கழுவினாலும் கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றுபவர்கள் உண்டு. சிக்கனம் பாராட்டத்தக்கதே; ஆனால் அந்தத் தண்ணீரில்தான் உப்பு எல்லாம் ஒன்றுசேர்ந்து இருக்கிறது. அதைத் தரை கழுவ வைத்துக்கொண்டு, ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்துக் கடைசியாகத் துடைக்கப் பயன்படுத்துங்கள். அதில் உப்பு ஏறக்குறைய இல்லை.

பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் பெயின்ட் சூடாகி இளகும். மேலே எச்சம் காய்ந்து இறுகும். மாலையில் குளிரும்போது அந்தத் தடம் பெயின்டிலேயே பதிந்துவிடும். எனவே பார்த்தவுடன் எடுக்க வேண்டும், அதையும் சுரண்டாமல் எடுக்க வேண்டும். ஈரத் துணியை அதன்மேல் ஐந்து பத்து நிமிடம் போட்டு ஊறவைத்து, அப்படியே வழித்து எடுத்து, பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். காரில் ஒரு தண்ணீர் பாட்டிலும் பழைய மென்துணியும் எப்போதும் இருக்கட்டும்.

மரநிழல் நல்லதுதான், ஆனால் பிசின் சொட்டும் மரம், பறவைகள் அடையும் மரம், தென்னை மரம் இவற்றின் கீழே வேண்டாம். பாலத்துக்கு அடியிலும் கட்டடத் தரைத்தளத்திலும் கான்கிரீட்டிலிருந்து சொட்டும் நீர் சுண்ணாம்புக் கறையை விடும். அந்த இடத்தைத் தவிருங்கள்.

உறை போட்டு மூடுபவர்கள், வண்டி சுத்தமாக இருக்கும்போது மட்டும் மூட வேண்டும். தூசி மேல் உறை போட்டால் காற்றில் அது அசைந்து அசைந்து இரவு முழுவதும் தேய்க்கும். காற்று புகாத பிளாஸ்டிக் உறை ஈரத்தை அடைக்கும். தீபாவளி இரவில் தெருவில் நிற்கும் வண்டியில் நைலான் உறையே வேண்டாம். ஒரு பொறி விழுந்தால் உறை உருகிப் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும்.

பூஜை நாளில் கொஞ்சம் யோசனை

புது வண்டிக்குப் பூஜை போடாமல் எடுப்பவர் நம்மில் அரிது. ஆயுத பூஜையன்றும் வண்டிக்குத் திருநீறு, சந்தனம், குங்குமம் உண்டு. பக்திக்குக் குறை வைக்க வேண்டியதில்லை. இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பொட்டைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டின் ஓரத்திலோ வையுங்கள். பெயின்டின் மேல் வைத்தால் மஞ்சளும் குங்குமச் சாயமும் வெள்ளை வண்டியில் கறையாகும். திருநீறு நுண்ணிய தூள். காய்ந்த பின் கையால் தட்டித் துடைத்தால் கீறும். அன்றே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். மாலையைக் கம்பியால் கட்டாமல் நூலால் கட்டுங்கள். கற்பூரத் தட்டைப் பானெட்டின் மேல் வைக்காதீர்கள்.

கடைப் பெயர், சங்கத்தின் பெயர் ஒட்டுவதிலும் இதே யோசனைதான். ஸ்டிக்கரைப் பெயின்டில் ஒட்டினால், சில வருடம் கழித்து எடுக்கும்போது மூடியிருந்த இடம் ஒரு நிறமும் வெயில் பட்ட இடம் ஒரு நிறமுமாக எழுத்து அப்படியே தெரியும். பின் கண்ணாடியின் ஓரத்தில், பார்வையை மறைக்காமல் ஒட்டுங்கள்.

கோட்டிங் பேக்கேஜ்: கேட்டு வாங்குங்கள்

ஷோரூமில் விலை பேசி முடிந்து மனம் இளகியிருக்கும் நேரத்தில்தான் இந்தப் பேச்சு வரும். “டெஃப்லான் போட்டுக்கொள்ளுங்கள், செராமிக் போட்டுக்கொள்ளுங்கள், ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை.” எது என்ன என்று தெரிந்துகொண்டு பதில் சொல்வோம்.

டெஃப்லான் என்பது ஒட்டாத தோசைக்கல்லில் இருக்கும் அதே பொருளின் வணிகப் பெயர். அது உருகுவதே சுமார் 327 டிகிரி சென்டிகிரேடில்தான். தோசைக்கல்லில் அதைவிட அதிகச் சூட்டில் வைத்துப் பிடிக்க வைக்கிறார்கள். அந்தச் சூட்டைக் காரில் காட்டினால் பெயின்டே கருகிவிடும். ஆகவே காரில் கையால் தேய்த்துத் தரும் டெஃப்லான் பூச்சு, தோசைக்கல் பூச்சைப் போல உறுதியாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நல்ல மெழுகுப் பாலிஷ் ஒன்றின் பலனை அது தரலாம். அந்த அளவுக்குத்தான் விலையும் பெறும்.

செராமிக் என்பது சிலிக்கா அடிப்படையிலான திரவம். மேல்பூச்சின் மேல் ஓரிரு மைக்ரான் கனத்தில் இறுகிப் பிடிக்கும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், அழுக்கு எளிதில் கழன்று வரும், நல்ல சரக்கை நன்றாகப் போட்டால் வருடக்கணக்கில் இருக்கும். இதெல்லாம் உண்மை. “9எச் கடினம், கீறலே விழாது” என்பதைத்தான் அப்படியே நம்பக் கூடாது. அந்த 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல். பென்சில் கீறாது, சாவியும் சாலைக் கல்லும் கீறும். போடுவதற்கு முன் பெயின்டைத் தேய்த்துத் தயார் செய்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். தெரியாத கையில் சிக்கினால் புதுப் பெயின்ட் வீணாகக் குறையும்.

பி.பி.எஃப். என்று சொல்லும் ஒளி புகும் படலம் இன்னொன்று. பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பாலியூரித்தேன் படலம். கல் தெறிப்பதை உண்மையாகவே தாங்குவது இதுதான். விலையும் அதிகம். நெடுஞ்சாலையில் நிறைய ஓடுபவர்கள் முன் பம்பர், பானெட்டின் முன்பகுதி, கதவுக் கைப்பிடிக் குழிவு ஆகிய இடங்களுக்கு மட்டும் போட்டுக்கொண்டால் செலவு குறையும், பலன் நிற்கும்.

இவை எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு மெழுகு இருக்கிறது. கார்னோபா என்ற மெழுகு பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் இலையிலிருந்து கிடைப்பது. நம் கடை மிட்டாய்க்கும் மருந்து மாத்திரைக்கும் மினுமினுப்புத் தருவதும் இதே மெழுகுதான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, கழுவி உலர்ந்த வண்டியில் மெல்லிதாகப் பூசினால் போதும். கம்பெனிப் பெயின்ட் சூட்டில் இறுக்கப்பட்டு வருவதால் புதுக் காருக்கு உடனே பூசலாம். பட்டறையில் மறுபடி பெயின்ட் அடித்த பகுதிக்குச் சில வாரம் பொறுத்துப் பூசுங்கள்.

எந்தப் பேக்கேஜானாலும் நான்கு கேள்வி கேளுங்கள். போடும் பொருளின் பெயர் என்ன? போடுபவர் யார், எங்கே வைத்துப் போடுகிறார்? வாரண்டியில் எது சேரும், எது சேராது? நடுவில் கட்டணச் சர்வீஸ் கட்டாயமா? பதில் எழுத்தில் வரட்டும். எழுத்தில் தரத் தயங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. அதே வேலையை வெளியே என்ன விலைக்குச் செய்கிறார்கள் என்று இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வண்டி எடுத்து ஒரு வாரம் கழித்தும் கோட்டிங் போடலாம். அன்றே போட்டாக வேண்டும் என்ற அவசரம் விற்பவருக்குத்தான்.

கணக்கிலும் ஒரு விஷயம் உண்டு. 2017ஆம் ஆண்டின் ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவின்படி, நம்மைப் போன்ற வியாபாரிகள் பயணத்துக்கு வாங்கும் காருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. அதன் பராமரிப்பு பில்லுக்கும் கிடையாது. சரக்கு வண்டிக்குத்தான் உண்டு. “ஜி.எஸ்.டி. பில் தருகிறோம், எடுத்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் உங்கள் ஆடிட்டரைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

சக்கரம்

அலாய் வீல் என்பது அலுமினியக் கலவை. அதன் மேலும் பெயின்டும் மெல்லிய மேல்பூச்சும் உண்டு. அதைக் கெடுப்பது பிரேக் தூள். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சூடான இரும்புத் துகள் பறந்து சக்கரத்தில் ஒட்டுகிறது. ஈரம் பட்டதும் அது துருவாகி மேல்பூச்சுக்குள் இறங்கும். பத்து நாளுக்கு ஒரு முறை மென்மையான தூரிகையும் ஷாம்பூவும் கொண்டு கழுவினால் அது தங்காது. வண்டி ஓடி நின்ற உடனே கழுவாதீர்கள். சக்கரமும் பிரேக் டிஸ்க்கும் ஆறட்டும். பளிச்சென்று ஆக்கும் ஆசிட் வேண்டாம். தரை கழுவும் ஆசிட் அலுமினியத்தை அரித்துத் திட்டுத் திட்டாக வெளுக்கச் செய்யும், கைக்கும் ஆபத்து.

டயருக்குக் கறுப்புப் பளபளப்பு பூசுவது சிலருக்குப் பிடிக்கும். டயரின் பக்கவாட்டில் மட்டும் பூசுங்கள். சாலையைத் தொடும் பகுதியிலோ பிரேக் டிஸ்க்கிலோ பட்டால் வழுக்கும், பிரேக் பிடிக்காது. கழுவிய வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கை மெதுவாகப் பிடித்துப் பிடித்து உலர்த்திவிட்டு நிறுத்துங்கள்.

தூத்துக்குடி, நாகப்பட்டினம், கடலூர் போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று கூடுதல் தொல்லை. அங்கே வண்டியின் அடிப்பாகத்துக்கும் சக்கரக் குழிவுக்கும் நல்ல தண்ணீர் அடித்து அலசுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வெள்ளத்திலோ கடலோரத்திலோ ஓட்டி வந்தால் அன்றே அலசுங்கள்.

காரைக் காக்க என்று முன்னும் பின்னும் இரும்புக் கம்பி மாட்டுவது பழைய பழக்கம். அதை விட்டுவிடுங்கள். மத்திய அரசு 2017 டிசம்பரில் அதைச் சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அபராதம் ஒருபுறம், மோதலின்போது ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் அது கெடுக்கக்கூடும்.

தோல் இருக்கை

தோலைப் பற்றித் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் நம்மிடம் இருக்கின்றன. 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னை அடையாற்றில் இருக்கிறது. ஆனாலும் கார் இருக்கையில் நாம் செய்யும் தவறுகள் ஏராளம்.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது தோல்தானா என்று கையேட்டில் பாருங்கள். நடுத்தர விலை வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது லெதரெட் என்ற செயற்கைத் தோல். துணியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு. அதற்குத் தோல் எண்ணெய் வாங்குவது வீண் செலவு. உண்மைத் தோலானாலும் காரில் வருவது பெரும்பாலும் நிறமும் பாலியூரித்தேன் மேல்பூச்சும் கொண்டது. செருப்புக்குப் போடுவது போலத் தேங்காய் எண்ணெய் தடவினால் அது உள்ளே போகாது; மேலே நின்று தூசியை இழுத்துக் கறுக்கும்.

இரண்டுக்கும் பராமரிப்பு ஒன்றுதான். வாரம் ஒரு முறை தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும். தையல் இடுக்கில் மணல் தங்கினால் உட்காரும்போதெல்லாம் அறுக்கும். மாதம் ஒரு முறை ஈரத் துணியில் காரமில்லாத சோப்புத் திரவம் தொட்டுத் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். பதனிட்ட தோல் லேசான அமிலத் தன்மை உடையது. துணிச் சோப்பின் காரம் அதற்கு ஆகாது. கைக்கிருமி நீக்கும் சானிடைசரிலுள்ள ஆல்கஹால் மேல்பூச்சைக் கரைக்கும். கையில் காய்ந்த பிறகே ஸ்டியரிங்கைத் தொடுங்கள்.

தலைமுடி எண்ணெய் தலைசாய்க்கும் இடத்தைக் கறுப்பாக்கும். அங்கே ஒரு வெள்ளைத் துண்டு போட்டு அடிக்கடி துவைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு உள்ளே மறைப்பு வையுங்கள். கோடையில் டேஷ்போர்டு 70 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அந்தச் சூடுதான் தோலை வெடிக்கவும் பிளாஸ்டிக்கை வெளுக்கவும் வைக்கிறது.

இருக்கை உறை தைத்துப் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இப்போது பல வண்டிகளில் முன் இருக்கையின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கிறது. அந்த இடத்தை இறுக்கித் தைத்த உறை மூடினால் விபத்தில் ஏர்பேக் விரிய முடியாது. அந்தப் பக்கத் தையல் தானே பிரிந்துகொள்ளும்படி செய்த உறையைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் உறையே வேண்டாம். தோலைக் காக்கப் போய் உயிரை விடக் கூடாது.

நம் தொழிலுக்கே உரிய தொல்லைகள்

அவசரத்துக்கு இரண்டு டின் எண்ணெய், ஒரு சிப்பம் புளி, கால் மூட்டை உப்பு என்று காரில் ஏற்றாத மளிகைக் கடைக்காரர் உண்டா? ஏற்றலாம், டிக்கியில் ஓரம் உயர்த்திய தார்ப்பாய் விரித்துவிட்டு ஏற்றுங்கள். உப்பு சிந்தினால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிந்து தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். புளிக்கு அமிலம். மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் தரை விரிப்பில் இறங்கினால் போகாது. பெருங்காயமும் கருவாடும் ஏ.சி. வழியே ஏறினால் வாசனை மாதக்கணக்கில் இருக்கும். பின் இருக்கையில் சரக்கு வேண்டவே வேண்டாம்.

சிந்திய அரிசியும் பருப்பும் எலிக்கு விருந்து. எலி வந்தால் இருக்கையோடு நிற்காது, ஒயரையும் கடிக்கும். கிட்டங்கியை ஒட்டி நிறுத்துபவர்கள் வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து பாருங்கள். டிக்கியை அன்றன்றே கூட்டி விடுங்கள்.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு என்ன? இரண்டு வாளி, நான்கு மைக்ரோ ஃபைபர் துணி, ஒரு மென்தூரிகை, ஒரு ஷாம்பூ, ஒரு டப்பா மெழுகு, ஒரு தார்ப்பாய். ஒரு முறை பாலிஷ் போடும் செலவுக்குள் அடங்கிவிடும். மற்றதெல்லாம் பழக்கம். பழைய வண்டிச் சந்தையில் இப்போது பெயின்டின் கனத்தை அளக்கும் கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். எங்கே மறுபெயின்ட் அடித்தது என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதுவரை கம்பெனிப் பெயின்டைக் காப்பாற்றி வைத்திருப்பவருக்குத்தான் பேச வாய் இருக்கும்.

ஒரு வியாபாரி ரொக்கத்தை எண்ணிக் கல்லாவில் வைப்பதுபோல், சரக்கைத் தரையில் படாமல் பலகை போட்டு அடுக்குவதுபோல், வண்டியையும் வைத்துக்கொண்டால் அது நீண்ட நாள் உழைக்கும். விற்க வேண்டிய நாளில் நல்ல விலையும் தரும். நாளைக் காலை கடை திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை சுலபமானது: காரைத் துடைக்க வைத்திருக்கும் அந்தக் காய்ந்த துணியை எடுத்துத் தராசுத் தட்டு துடைக்கக் கொடுத்துவிடுங்கள்.